0-2ல இருந்து 3-2! டேவிஸ் கோப்பை மண்டலச் சுற்றுல நடக்கிற உள்கணக்கு

[திரை: தியான்ஜின், சீனா. 2018 ஏப்ரல் 6]

டேவிஸ் கோப்பைங்கிறது நாடுகள் அணி அணியா மோதுற டென்னிஸ் போட்டி. இங்க முதல் நாள் ஆட்டம் முடிஞ்சாச்சு. ராம்குமார் ராமநாதன் வூ யிபிங்கிட்ட 6-7, 4-6ன்னு தோத்துட்டார். சுமித் நாகல் வூ டிகிட்ட 4-6, 1-6. சீனா 2, இந்தியா 0. மறுநாள் மூணு மேட்ச் பாக்கி, மூணையும் ஜெயிக்கணும். ஒண்ணு போனாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மறுநாள் கடைசி மேட்ச் முடிஞ்சப்போ ஸ்கோர் 3-2. ஜெயிச்சது இந்தியா.

எப்படின்னு பார்ப்போம். அதுக்கு முன்னாடி வரலாறு, முப்பது செகண்ட், ஓட்டிவிட்டுடாதீங்க. 1900ல அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டன்ல ஆடினதுதான் டேவிஸ் கோப்பையோட தொடக்கம். 1981ல உச்சியில 16 நாடுகளை வச்சு வேர்ல்ட் குரூப்னு ஒண்ணு உண்டாக்கினாங்க. மத்த நாடுகள் எல்லாம் மண்டலவாரியா கீழே. நாம ஆசியா-ஓசியானியா மண்டலம். வரலாறு முடிஞ்சுது.

அப்புறம் ரெண்டு வார்த்தை. ரெண்டு நாட்டுக்கு நடுவுல நடக்கிற மொத்த மோதலுக்குப் பேர் 'டை'. அதுக்குள்ள வர ஒவ்வொரு மேட்சும் 'ரப்பர்'. ஆமாங்க, ஸ்கூல் திறக்கும்போது வாங்குற லிஸ்ட் மாதிரியேதான் இருக்கும். பெரும்பாலும் ஒரு டைக்கு அஞ்சு ரப்பர்: நாலு ஒற்றையர், ஒரு இரட்டையர். மூணு ஜெயிச்சா டை உங்களுது.

2018 வரைக்கும் ஏணி இப்படி: மண்டலத்துல குரூப் 1ல ஜெயிக்கிற ரெண்டு அணி, வேர்ல்ட் குரூப் முதல் சுற்றுல தோத்த அணிகளோட பிளே-ஆஃப் ஆடும், ஜெயிச்சா மேலே. குரூப் 1ல தோத்துக்கிட்டே போனா குரூப் 2. அதுக்கும் கீழே 3, 4. இப்போ 1, 2 ரெண்டையும் உலக அளவுல மாத்திட்டாங்க. அதுக்குக் கீழே இன்னும் மண்டலம்தான்.

இனி எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன், கொஞ்சம் நீளமாத்தான் பேசுவேன். மைதானம்!

யார் ஊர்ல ஆடுறது? போன தடவை இந்த ரெண்டு நாடும் உங்க ஊர்ல மோதியிருந்தா, இந்தத் தடவை எங்க ஊர். 1970க்கு முன்னாடி நடந்த டை எதுவும் இந்தக் கணக்குல வராது. அதுக்கப்புறம் மோதினதே இல்லைன்னா சீட்டுக் குலுக்கல். ஊர் கிடைச்சவங்களுக்குத் தரையும் கிடைக்கும். புல்லா, களிமண்ணா, ஹார்ட் கோர்ட்டா, உள்ளரங்கமா, எந்தப் பந்து, எல்லாம் அவங்க இஷ்டம். கிரிக்கெட்ல பிட்ச் தயார் பண்ணிட்டாங்கன்னு புலம்புவோமே, இங்க அது சட்டமே அனுமதிக்கிற விஷயம்.

உதாரணம் இந்தியா-பாகிஸ்தான். 2006ல மும்பையில ஆடியாச்சு, அடுத்த முறை பாகிஸ்தானுக்கு. 2019ல அந்த முறை வந்துச்சு, மண்டல குரூப் 1 டை. இஸ்லாமாபாத்னு அறிவிச்சாங்க, பாதுகாப்புக் காரணத்தால கஜகஸ்தான்ல நூர்-சுல்தானுக்கு மாத்தினாங்க. மாத்தினதைக் கண்டிச்சு பாகிஸ்தானோட முன்னணி வீரர்கள் ஐசாம்-உல்-ஹக் குரேஷியும் அகீல் கானும் ஆட மாட்டோம்னு விலகிட்டாங்க. இந்தியா 4-0.

2024 பிப்ரவரியில மறுபடி மோதல், இந்தத் தடவை இஸ்லாமாபாத்லயே. 1964க்கு அப்புறம், 60 வருஷம் கழிச்சு இந்திய அணி அங்க போச்சு. பாகிஸ்தான் தேர்ந்தெடுத்த தரை புல். ஏன் புல்? ஐசாமுக்கும் அகீலுக்கும் 40 தாண்டியாச்சு. களிமண்ல பந்து மேல எழும்பி மெதுவா வரும், ஒரு பாயிண்டுக்கு இருபது தடவை ஓடணும், நாப்பது வயசு முட்டி கேட்காது. புல்லுல பந்து எழும்பாம வழுக்கிட்டுப் போகும், பாயிண்ட் நாலு அடியில முடிஞ்சிடும். நல்ல சர்வும், வலைகிட்ட தாழ்வா வர பந்தை வாலி பண்ற (தரையில படுறதுக்குள்ள அடிக்கிற) கையும் இருந்தா வயசு தெரியாது.

இந்தியா அதுக்குச் சொன்ன பதில்தான் அழகு. இரட்டையர் ஆட்டக்காரரான கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜியை ஒற்றையர்ல இறக்கினாங்க! புல்லுக்கு என்ன வேணுமோ அது இரட்டையர்காரன்கிட்டதானே இருக்கு. அகீலை 7-5, 6-3ல முடிச்சார். ராம்குமாருக்கு ஐசாம்கிட்ட முதல் செட் டைபிரேக்ல (6-6 ஆனா செட்டை முடிவு பண்ற கடைசி கேம்) போச்சு, ரெண்டாவது டைபிரேக்ல வந்துச்சு, மூணாவது செட் 6-0. அந்த 6-0ல தெரிஞ்சது வயசு. டை மறுபடியும் 4-0.

தரையைத் தேர்ந்தெடுத்தா ஜெயிச்சுடலாமா? அதுவும் இல்ல. 2019 பிப்ரவரியில இத்தாலி கொல்கத்தாவுக்கு வந்துச்சு. இத்தாலிக்காரங்க களிமண்ல வளர்ந்தவங்க, புல்லுல தடுமாறுவாங்கன்னு சவுத் கிளப் புல்தரையில ஆட வச்சோம். வந்தவர்ல ஒருத்தர் மத்தேயோ பெரெட்டினி. நம்ம பிரஜ்னேஷ் குணேஸ்வரனை 6-4, 6-3ன்னு அடிச்சுட்டுப் போனார். அதே வருஷம் ஸ்டுட்கார்ட் புல்தரைப் பட்டம், 2021ல விம்பிள்டன் ஃபைனல். ஆகப்போற புல்தரை மன்னனுக்கு நாமளே புல் விரிச்சுக் கொடுத்திருக்கோம், போங்க. 1-3 தோல்வி.

சில நேரம் தரையைவிட வெயில் வேலை செய்யும். 2010 செப்டம்பர், சென்னை நுங்கம்பாக்கம், பிரேசிலோட பிளே-ஆஃப். அங்கயும் நாம 0-2. நாலாவது ரப்பர்ல நம்ம சோம்தேவ் தேவ்வர்மன் 7-6, 4-0ன்னு முன்னால இருக்கும்போது பிரேசிலோட பெலூச்சி முடியலைன்னு விலகிட்டார். செப்டம்பர் மத்தியானம் நுங்கம்பாக்கத்துல நின்னவங்களுக்கு அதுக்கு விளக்கம் தேவையில்ல. அஞ்சாவதை போபண்ணா முடிச்சார்.

சரி, தியான்ஜினுக்குத் திரும்புவோம்.

2018ல மண்டல குரூப்ல விதி மாறிச்சு. முன்னாடி மூணு நாள், அஞ்சு செட். அப்போதான் ரெண்டு நாள், மூணு செட்னு ஆக்கினாங்க. முதல் நாள் ரெண்டு ஒற்றையர். ரெண்டாம் நாள் முதல்ல இரட்டையர், உடனே ரெண்டு எதிர் ஒற்றையர்: நம்பர் 1க்கு நம்பர் 1, நம்பர் 2க்கு நம்பர் 2. இதோட விளைவு என்ன? பழைய முறையில இரட்டையருக்குன்னு தனி நாள், நம்பர் 1 வீரரை அதுலயும் இறக்கலாம், ராத்திரி தூங்கி எழுந்து ஒற்றையர் ஆடுவார். இப்போ இரட்டையர் முடிஞ்சு வியர்வை காயறதுக்குள்ள அவரே ஒற்றையருக்குப் போகணும். அதனால இரட்டையருக்குன்னே ரெண்டு பேர் வச்சிருக்கிற அணிக்குத்தான் லாபம். நம்மகிட்ட லியாண்டர் பயஸும் ரோஹன் போபண்ணாவும் இருந்தாங்க.

இதுல ஒரு கிளைக்கதை. கேப்டன் மகேஷ் பூபதி. ஒரு காலத்துல பயஸும் பூபதியும் ஜோடியா டேவிஸ் கோப்பையில 24 மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சவங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒத்துவராம போனது ஊருக்கே தெரியும். 2017 ஏப்ரல்ல பெங்களூருல உஸ்பெகிஸ்தானோட டை. 42 இரட்டையர் வெற்றியோட இத்தாலியின் பியட்ராஞ்சலி சாதனையைச் சமன் பண்ணியிருந்த பயஸை பூபதி வெளியே உட்கார வச்சு, போபண்ணாவோட பாலாஜியை இறக்கினார். ஜெயிக்கவும் ஜெயிச்சாங்க. அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு தியான்ஜின்ல அதே கேப்டன், 44 வயசு பயஸ், தோத்தா டை காலி.

இரட்டையர்ல முதல் செட் 5-7. அடுத்த ரெண்டும் டைபிரேக், 7-6, 7-6. பயஸுக்கு 43வது வெற்றி, உலக சாதனை. ஆனா எனக்கு அதைவிடப் பெரிசா தெரியறது இது: ராம்குமார் ஒரு பந்துகூட ஆடாம, புதுக் காலோட நாலாவது ரப்பருக்கு வந்தார். வூ டியை 7-6, 6-3.

அஞ்சாவதுக்கு நாகல்தான் வரணும், பூபதி மாத்திட்டார். அணியில பேர் கொடுத்த யாரை வேணும்னாலும் ரெண்டாம் நாள் இறக்கலாம். வந்தவர் சென்னைக்காரர் பிரஜ்னேஷ் குணேஸ்வரன், இடது கை. எதிர்ல 2017 யுஎஸ் ஓப்பன் ஜூனியர் சாம்பியன் வூ யிபிங். 6-4, 6-2. முடிச்சுவிட்டார்.

அடுத்து செர்பியா போய் 0-4 வாங்கினோம், அது வேற வீடியோ.

போறதுக்கு முன்னாடி குரூப் 3. அது தனி உலகம். எல்லா நாடும் ஒரே ஊர்ல கூடி, ஒரே வாரத்துல லீக் ஆடும். டைக்கு மூணே ரப்பர், ஒரே நாள்ல: நம்பர் 2 ஒற்றையர், நம்பர் 1 ஒற்றையர், இரட்டையர். 2-0 ஆயிடுச்சுன்னா இரட்டையரை ஏனோதானோன்னு விட்டுடலாம்னு தோணும். அங்கதான் மாட்டிக்குவாங்க. மூணு அணி சமமா நின்னா முதல்ல ஜெயிச்ச ரப்பர் எண்ணிக்கை, அதுவும் சமம்னா செட் சதவீதம், அப்புறம் கேம் சதவீதம் பார்ப்பாங்க.

இதோ உங்களுக்கு ஒரு கணக்கு. [திரை: அ, ஆ, இ]

'அ' அணி 'ஆ'வை 2-1ல ஜெயிச்சுது. 'ஆ' அணி 'இ'யை 2-1. 'இ' அணி 'அ'வை 2-1. ஒன்பது ரப்பர்ல எட்டு நேர் செட்ல, அதாவது செட் 2-0ன்னு முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு மூணு செட் போச்சு: 'ஆ'கிட்ட 'அ' ஜெயிச்ச ரெண்டு ரப்பர்ல ஒண்ணு. முதல் இடம் யாருக்கு? பேனாவை எடுங்க, விடையைக் கமெண்ட்ல போடுங்க. 'அ'ன்னு அவசரப்பட்டு எழுதுறவங்க இன்னொரு தடவை கூட்டிப் பாருங்க.