பட்டினி கிடந்த குதிரைக்குக் கொள்ளு போடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்ததிலிருந்து, கோப்பிக் கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "அண்ணே, குதிரைகள் எல்லாம் என்ன ஆச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். லாயத்தில் வேலை பார்த்தவனிடம் வேறென்ன கேட்பார்கள்? ஆனால் பந்தயக் குதிரையைப் பற்றி விசாரிக்கவாவது ஆள் இருக்கிறது. ஏரும் வண்டியும் இழுத்து ஓய்ந்த குதிரையை யாரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கைவிடப்பட்ட குதிரைகளைப் பராமரிக்கும் ஒரு பண்ணைக்கு விடுமுறையில் போய் உதவுவேன். அங்கே ஒருமுறை, பாரம் இழுக்கிற கிளைட்ஸ்டேல் இனத்துப் பெட்டைக் குதிரை ஒன்று வந்து சேர்ந்தது. பந்தயக் குதிரை சுமார் 500 கிலோ என்றால், இந்த இனம் 700, 800 கிலோ சாதாரணமாகத் தேறும். இவளோ எலும்பும் தோலும். குளிர்காலத்து அடர்ந்த ரோமம் பாதியை மறைத்துவிட்டது. கையை வைத்துத் தடவினால்தான் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். குதிரையின் உடம்புக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிற முறை ஒன்று உண்டு. அதில் அவளுக்குக் கிடைத்தது ஆகக் குறைந்த 1.

சரி, முதலில் என்ன செய்யத் தோன்றும்? வயிறு நிறையப் போடத்தான். நம் பாட்டிமார் இருந்தால் கொள்ளை அவித்துக் கொட்டியிருப்பார்கள். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொன்னவர்களும் அவர்கள்தான், அது வேறு விஷயம்!

பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையுமே தின்று பிழைத்திருக்கும். அதற்குத் திடீரென்று தானியம் போட்டால் இன்சுலின் பொங்கும். இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் போய்விடும். இதயம் தடுமாறும், மூச்சு திணறும். இது முதல் நாளே தெரியாது. "நன்றாகச் சாப்பிடுகிறதே" என்று நாம் நிம்மதி அடைந்திருக்கும்போது, மூன்று நாலு நாள் கழித்துக் குதிரை விழுந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பட்டினியிலிருந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலருக்கும் இதே கதிதான்.

அதனால் அவளுக்குக் கொடுத்தது காய்ந்த குதிரைமசால், அதாவது லூசர்ன் என்கிற தீவனப் பயிர். மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுவும் அதிகம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் ஆராய்ந்து சொன்ன வழி இது. கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, இராத்திரியிலும். அவளோ கதவை உதைத்து இன்னும் கேட்பாள். புதிதாக வந்த பிள்ளைகள் பாவப்பட்டு ஆப்பிளை ஒளித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்களைக் காவல் காப்பதுதான் என் முக்கிய வேலை. மறுபடியும் சொல்கிறேன்: கொஞ்சமாக, அடிக்கடி. பத்து நாள்போல அளவைக் கூட்டிக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் வேண்டிய மட்டும் தீனி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பல், குளம்பு எல்லாம் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பல் கூர்மையாக வளர்ந்திருந்தால் அரத்தால் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் தீனியை மெல்ல முடியாது. குளம்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். கிளைட்ஸ்டேலுக்குக் கணுக்காலில் தொங்கும் ரோமத்துக்குள் மைட் என்கிற சிற்றுண்ணி சேரும், அதையும் விலக்கிப் பாருங்கள். அப்புறம் குடற்புழு மருந்து: மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது, புழு மொத்தமாகச் செத்தால் குடலே அடைத்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.