இடுப்புப் பட்டையும் இருபது முகப் பகடையும்

வணக்கம். ரேடியோவில் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அம்மா கிரிக்கெட் என்று நினைத்துவிட்டார். நான் சொல்ல வந்தது வேறு. ஒரு மேசை, நாலைந்து பேர், பென்சில், காகிதம், இருபது முகம் கொண்ட ஒரு பகடை. ஒருவர் கதை சொல்வார், அவரை டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-ல் அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரிலிருந்து வெளிவந்தது. சென்னையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில், கொசுவர்த்திப் புகைக்கு நடுவே, ஞாயிறுதோறும் நான் டிஎம்மாக உட்கார்கிறேன்.

பாத்திரத்தை உருவாக்கும்போது இனம், தொழில், பலம், புத்தி எல்லாம் எழுதுவோம். ஆணா, பெண்ணா, வேறா என்பதையும் எழுதுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஐம்பது வருடத்து ரகளை இருக்கிறது.

பழைய புத்தகங்களில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்ப எரிச்சலூட்டுவதும் ஒரே பொருள்தான். 1979-ல் வந்த டிஎம்களுக்கான கையேட்டில், சபிக்கப்பட்ட மந்திரப் பொருட்களுக்கு நடுவே ஓர் இடுப்புப் பட்டை வரும். கட்டிக்கொண்டால் ஆண் பெண்ணாகிவிடுவான், பெண் ஆணாகிவிடுவாள். பட்டையின் சக்தி அதோடு தீர்ந்தது. பழையபடி மாற சாதாரண வழி எதுவும் கிடையாது. ஆட்டத்திலேயே மிகப் பெரிய மந்திரமான வரம் கேட்கும் மந்திரத்தைப் போட்டாலும் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, நிச்சயமாக மாற்ற தெய்வம் மாதிரி யாராவது வரவேண்டும். பத்தில் ஒரு பட்டை ஆண், பெண் இரண்டையுமே எடுத்துவிடும்.

இது தண்டனை. வீரன் ஒருவனுக்கு நடக்கக்கூடிய அவமானம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், பட்டை கட்டியவன் முகம் சிவக்கும், அதுதான் வேடிக்கை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு "இந்தப் பட்டை எங்கே கிடைக்கும்?" என்று மனசுக்குள் கேட்டுக்கொண்ட பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். எங்கள் மேசையில் ஒருவர் அதை வாய்விட்டே சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

அதற்கு முந்தைய வருடம், 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் ஓர் அட்டவணை உண்டு. பலம் உச்சமான 18 வந்த போர்வீரனுக்கு மட்டும் இன்னொரு நூறு பாகக் கணக்கு. மனித ஆண் அதன் உச்சிவரை போகலாம். மனிதப் பெண் பாதியில், 50-ல், நின்றுவிட வேண்டும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். உச்சியில் இருப்பவன் ஒவ்வொரு வெட்டுக்கும் 6 புள்ளி கூடுதல் சேதம் தருவான், 50-ல் நிற்பவள் 3 தருவாள், அதாவது சரிபாதி. ஹாஃப்லிங் என்ற குட்டை இனத்துப் பெண்ணுக்குப் பலத்தின் உச்சவரம்பே 14, அதே இனத்து ஆணுக்கு 17. நிஜ உடம்பு அப்படித்தானே என்று வாதம் செய்பவர்கள் இன்றும் உண்டு. விரலைச் சொடுக்கி நெருப்புக் குண்டு வீசும் உலகத்தில் நிஜம் வந்து உட்கார்ந்த ஒரே நாற்காலி பெண்ணின் புஜம் என்றால், எனக்குச் சந்தேகம் வராதா? (பலம் நூறு வைத்திருக்கும் ஒருவன் அந்தப் பட்டையைக் கட்டினால் மீதிப் பலம் எங்கே போகும் என்று எங்கள் ஆட்கள் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டார்கள். ஆட்டம் நடக்கவில்லை, பஜ்ஜி மட்டும் தீர்ந்தது.)

1976-ல் இந்த விளையாட்டுக்காரர்களுக்கான டிராகன் பத்திரிகையின் மூன்றாம் இதழில் வந்த கட்டுரை இன்னும் ஒருபடி மேலே. ஆளுமை என்ற அளவீட்டை எடுத்துவிட்டு, பெண் பாத்திரங்களுக்கு அழகு என்று ஒன்றை வைத்தது. பெண்களையும் ஆட்டத்துக்குள் கொண்டுவரும் முயற்சி என்று சொல்லித்தான் எழுதியது, அதுதான் கொடுமை.

1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பல வரம்பு போனது, பட்டை போகவில்லை. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் புத்தகமே நேராகப் பேசியது: உங்கள் பாத்திரம் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்கவேண்டியதில்லை, யாரை விரும்புவது என்பதும் உங்கள் முடிவு என்று. எல்ஃப் என்ற மாய இனத்தின் தெய்வமான கொரெல்லானைக்கூட ஆணும் பெண்ணும் கலந்த உருவமாக அதே இடத்தில் உதாரணம் காட்டியது. 2018-ல் இன்னொரு புத்தகம், கொரெல்லானின் அருள் பெற்ற எல்ஃப்கள் இரவு ஓய்வு முடிந்து எழும்போது விரும்பினால் பால் மாறிக்கொள்ளலாம் என்றது. 1979-ல் சாபமாக இருந்தது 39 வருடம் கழித்து வரமாகிவிட்டது. ஒரே விளையாட்டு, ஒரே மாற்றம்.

இதற்குப் போட்டியாக வந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டர் 2014-ல் தன் முகப்புப் பாத்திரங்களில் ஒருவரான ஷார்ட்ராவைத் திருநங்கையாக அறிமுகம் செய்தது. ஏவரி ஆல்டர் 2012-ல் எழுதிய மான்ஸ்டர்ஹார்ட்ஸ் விளையாட்டு எனக்கு அதைவிட முக்கியம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் விடலைப் பேய்களின் கதை அது. உங்கள் பாத்திரத்துக்கு யார்மேல் ஈர்ப்பு வரும் என்பதை அங்கே நீங்கள் முடிவு செய்ய முடியாது, பகடைதான் சொல்லும். வந்த ஈர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் உங்கள் கையில். அந்த வயதில் நமக்கெல்லாம் நடந்தது அப்படித்தானே?

சரி, புத்தகங்களைக் குற்றம் சொன்னது போதும், என் கதைக்கு வருகிறேன். எங்கள் மேசையில் ஒரு நண்பர், ஆண், கொற்றி என்ற பெண் வீராங்கனையாக ஆடினார். நம் ஊர் மேடையில் ஸ்திரீ பார்ட் கட்டியவர்களுக்குச் சேலையும் சவுரியும் துணை. இவருக்கு எதுவும் இல்லை, கட்டைக்குரலில் பேசிக்கொண்டே ஆடினார், இரண்டாவது வாரத்தில் எங்களுக்குக் கொற்றிதான் தெரிந்தாள். நாலாவது வாரம் அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏங்க, நான் எந்த ஊர் சத்திரத்துக்குப் போனாலும் ஒருத்தன் என்கிட்ட வந்து வழியுறானே, மத்தவங்களுக்கு ஏன் அது நடக்கல?" நான் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. கதைக்குச் சுவை என்று நினைத்துத்தான் வைத்தேன், ஆனால் அவனுக்கு வாள், இவளுக்கு வழிசல் என்று நானே ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன், அச்சில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம்தான் எக்ஸ் கார்டு வைத்தோம். பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை மேசை நடுவில் இருக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிடுவோம், காரணம் கேட்கக்கூடாது.

இப்போதைய தகராறு தமிழால் வந்தது. ஆணும் இல்லாத பெண்ணும் இல்லாத ஓர் எல்ஃப் திருடன், பாருங்கள், இந்தச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். பெயர் நிழல். நாலு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. "நான் பூட்டைத் திறக்கிறேன்" என்பார் ஆடுபவர், "நீ உள்ளே போகிறாய்" என்பேன் நான். நம் தன்மையிலும் முன்னிலையிலும் ஆண்பால் பெண்பால் கிடையாது, இந்திக்காரருக்கு அந்த வசதி இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு காவலன் இன்னொரு காவலனிடம் நிழலைப் பற்றிப் பேச வேண்டி வந்தது. ஓடினானா, ஓடினாளா? பெயர் நிழல்தானே, ஓடியது என்று வைத்துக்கொள்வோமா என்றேன். "நான் என்ன மாடா?" என்று கேட்டுவிட்டார். மிச்சம் இருந்தது மரியாதைப் பன்மை மட்டும்தான். எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அதனால் அன்றைக்கு நடு ராத்திரியில், அரண்மனை நகையோடு கூரைமேல் தாவித் தாவிப் போகும் நிழலைப் பார்த்து, கீழே ஒரு காவலன் தொண்டை கிழியக் கத்தினான்: "திருடர் ஓடுகிறார், அவரைப் பிடியுங்கள்!"