டாக்கர் கன்டெய்னர்களை மொத்தமாக நீக்க: முதலில் பட்டியல், அப்புறம் ஆர்எம்

வணக்கம் மக்களே, சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பேசுகிறேன். பின்னால் டக் டக் என்று கேட்பது பக்கத்துக் கொலுசுப் பட்டறை, அது சாயங்காலம் வரை ஓயாது, அதனால் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.

டாக்கர் என்பது ஒரு சாஃப்ட்வேரை அதற்குத் தேவையானவற்றோடு தனிப் பெட்டிபோல ஓட்டும் கருவி, அந்தப் பெட்டிதான் கன்டெய்னர். திரையைப் பாருங்கள். கன்டெய்னர்களைப் பட்டியல் போட டாக்கர் பிஎஸ் ஹைஃபன் ஏ. ஓடுவது, நின்றுபோனது எல்லாமே வந்துவிட்டது. பட்டறைக் கணக்குக்காகச் செய்கிற பில்லிங் சாஃப்ட்வேரைச் சோதித்த மிச்சங்கள்தான் பாதி. 'எக்ஸிடட்' என்று இருக்கிறதே, அதெல்லாம் நின்றுவிட்டாலும் எழுதி வைத்த ஃபைலும் லாகும் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும்.

நெட்டில் எல்லோரும் சொல்வது, டாக்கர் ஆர்எம் ஹைஃபன் எஃப், அப்புறம் டாலர் போட்டு அடைப்புக்குறிக்குள் டாக்கர் பிஎஸ் ஹைஃபன் ஏக்யூ. உள்ளே இருப்பது முதலில் ஓடி வெறும் ஐடிகளை மட்டும் கொடுக்கும், வெளியே இருக்கும் ஆர்எம் அத்தனையையும் தூக்கிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே தப்பு என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸும் சேர்ந்து போய்விடும், அதுவும் ஹைஃபன் எஃப் போட்டால் நேராக 'சிக்கில்' (SIGKILL), அதாவது உடனே கொல்லும் சிக்னல்தான். டாக்கர் ஸ்டாப் என்றால் முதலில் 'முடித்துக்கொள்' என்று சொல்லும் 'சிக்டெர்ம்' (SIGTERM) சிக்னலை அனுப்பி, வழக்கமாக 10 விநாடி பொறுத்துப் பார்க்கும்.

நின்றுபோனவை மட்டும் போதும் என்றால் டாக்கர் கன்டெய்னர் ப்ரூன். 2017-இல் வந்த 1.13 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஃபில்டரில் அன்டில் சமம் 24ஹெச் என்று கொடுத்தால் ஒரு நாளுக்கு முன் உருவாக்கியவை மட்டும் போகும், நேற்று ராத்திரி செய்தது தப்பிக்கும்.

சரி, ஒரு குழுவை மட்டும் எடுக்க வேண்டும், அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஃபில்டர் நேம் சமம் டெஸ்ட் என்று அடிக்கிறேன், பாருங்கள், 'கொலுசு-டெஸ்ட்' வரிசையோடு 'லேட்டஸ்ட்-டிபி'யும் வந்து நிற்கிறது! பெயரின் நடுவில் எங்கே அந்த நான்கு ஆங்கில எழுத்து இருந்தாலும் பிடித்துக்கொள்ளும், லேட்டஸ்ட்டின் கடைசி நான்கு எழுத்தும் அதேதானே. முன்னால் கேரட் (^) குறி போட்டு 'கொலுசு-டெஸ்ட்' என்று முழுசாகக் கொடுங்கள், அந்தப் பெயரில் தொடங்குவது மட்டும் வரும். பட்டியலைக் கண்ணால் பார்த்த பிறகு அதே ஃபில்டரை ஆர்எம்முக்குள் வையுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் ஆர்எம் குறைந்தது ஒரு பெயராவது வேண்டும் என்று எரர் காட்டும், பயப்பட வேண்டாம்.

எனக்குப் பிடித்தது லேபிள். ரன் செய்யும்போதே ஒரு லேபிள் ஒட்டிவிட்டால், பெயர் என்னவாக இருந்தாலும் அந்த லேபிளை வைத்தே பிஎஸ்ஸிலும் ப்ரூனிலும் வடிகட்டலாம். ஒரே முறை ஓட்டிப் பார்க்கப் போகிறீர்களா, டாக்கர் ரன்னிலேயே டபுள் ஹைஃபன் ஆர்எம் போட்டுவிடுங்கள், முடிந்ததும் தானே போய்விடும்.

கம்போஸில், அதாவது ஒரே ஃபைலில் எழுதிப் பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கருவியில், எழுப்பியதை கம்போஸ் டவுன் வைத்தே இறக்குங்கள், நெட்வொர்க்கும் சேர்ந்து போகும், கன்டெய்னருக்கு வெளியே டேட்டாவை வைக்கும் வால்யூம் இருக்கும். அதோடு ஹைஃபன் வி சேர்த்தால் ஃபைலில் பெயர் கொடுத்த வால்யூமும் போய்விடும், பில் கணக்கு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, பேக்கப் எடுக்காமல் அந்த வி-யை அடிக்காதீர்கள்.