பிராங்க் பர்ன்ஸ் மீது விழுந்த சிரிப்பு

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1972 செப்டம்பரில் தொடங்கி 1983 பிப்ரவரி வரை ஓடிய 'மாஷ்' தொடரை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், மேஜர் பிராங்க் பர்ன்ஸ். கூட வேலை பார்ப்பவரை மட்டம் தட்டிச் சிரிக்கவைப்பது எப்படி, அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதையெல்லாம் இந்த ஒரு பாத்திரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

கதை நடப்பது கொரியப் போரில், 4077ஆவது நடமாடும் ராணுவ அறுவை சிகிச்சை மருத்துவமனையில். ஹாக்கை, டிராப்பர், பிராங்க் ஆகிய மூன்று மருத்துவர்களுக்கும் ஒரே கூடாரம். முதல் இருவரும் கேப்டன்கள், பிராங்க் அவர்களுக்கு மேலே, மேஜர். முதல் எபிசோடிலேயே என்ன செய்கிறார்கள்? பிராங்குக்கு மயக்க ஊசி போட்டு, தலையைச் சுற்றிக் கட்டுக் கட்டி, நோயாளியோடு நோயாளியாகப் படுக்கவைத்துவிடுகிறார்கள். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சம்மதம் இல்லாமல் ஒரு மருத்துவருக்கு ஊசி! எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இதற்கு வேலை போய்விடும், வழக்கும் வரும். ஆனாலும் நாம் சிரிக்கிறோம். ஏனென்றால் எழுத்தாளர்கள் அந்தக் காட்சிக்குக் கீழே மூன்று முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

முதலாவது, பதவி. தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் இல்லாத நாளில் முகாம் பிராங்கின் கைக்குப் போகும். அவர் உத்தரவு போடலாம், புகார் எழுதலாம். அதனால் அவர் மேல் விழும் கிண்டல் கீழேயிருந்து மேலே போகிற கிண்டல். அதே ஊசியை ராடர் என்ற இளம் கார்ப்பரலுக்குப் போட்டிருந்தால் அந்த எபிசோடோடு பார்ப்பவர்கள் விலகியிருப்பார்கள்.

இரண்டாவது முட்டு, வரிசை. இதில்தான் எழுதுகிறவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். 1973 ஜனவரியில் வந்த 'சம்டைம்ஸ் யூ ஹியர் தி புல்லட்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமைச் செவிலியரும் தன் காதலியுமான மார்கரெட்டின் கூடாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டதற்காக பிராங்க், போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை வாங்கிக்கொள்கிறார். வெளியே உண்மையான காயங்களோடு பையன்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இது நம் கண்ணில் நன்றாகப் பட்ட பிறகுதான் ஹாக்கை அந்தப் பதக்கத்தை எடுத்து, வயதைப் பொய் சொல்லிப் படையில் சேர்ந்த ஒரு சிறுவனிடம் கொடுக்கிறார். குற்றம் முன்னால், தண்டனை பின்னால். இந்த வரிசையை மாற்றிப்போட்டால், அடுத்தவர் பொருளைத் திருடுகிற ஹாக்கைதான் நமக்குத் தெரிவார். போன வாரம் செய்த தப்புக்கு இந்த வாரம் தண்டனை என்றாலும் எடுபடாது. அந்தந்த எபிசோடின் கணக்கை அந்தந்த எபிசோடிலேயே தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, பதிவு செய்து ஒட்டிய சிரிப்பொலி. அது வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது சிபிஎஸ் நிறுவனம். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட்டும் தயாரிப்பாளர் ஜீன் ரெனால்ட்ஸும் போராடிப் பெற்ற சலுகை, அறுவை சிகிச்சை அறைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பொலி கிடையாது என்பது. பிரிட்டனில் பிபிசி சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது. முகம் தெரியாத ஒரு கூட்டம் சேர்ந்து சிரிக்கும்போது, 'இவரைக் கலாய்க்கலாம், தப்பில்லை' என்ற அனுமதி நமக்குக் கிடைத்துவிடுகிறது. அலுவலகத்தில் ஒருவரை ஓட்டும்போது சுற்றி நிற்பவர்கள் சிரிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இந்த மூன்று முட்டும் இலவசமாகக் கிடைப்பதில்லை, அதற்கு ஒரு விலை உண்டு. இந்தத் தொடருக்கு முன்னோடியாக 1970இல் வந்த திரைப்படத்தில் பிராங்க் பாதியிலேயே புத்தி கலங்கி வெளியேற்றப்படுகிறார், அதோடு அவர் கதை முடிந்தது. தொடரில் அப்படி முடிக்க முடியாது, அடுத்த வாரமும் அடிவாங்க அவர் வர வேண்டும். அப்படியானால் அவர் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது, மாறக் கூடாது, முக்கியமாக அவருக்கு வலிப்பது நமக்குத் தெரியவே கூடாது. தொடரில் பிராங்காக நடித்த லாரி லின்வில் அற்புதமான நடிகர். அந்தச் சிணுங்கலையும் வெடுக்கென்று கோபித்துக்கொள்வதையும் 5 சீசன் சலிக்காமல் செய்தார். ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு மேற்கொண்டு போக இடமே வைக்கப்படவில்லை.

ஐந்தாவது சீசனில், 1976இல், விரிசல் விழுகிறது. 'மார்கரெட்ஸ் எங்கேஜ்மென்ட்' எபிசோடில் மார்கரெட்டுக்கு வேறொருவரோடு நிச்சயம் ஆகிறது. பிராங்க் தன் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். நண்பர் ஒருவர் தன்னைப் பிடித்த மாதிரி நடித்துவிட்டார் என்கிறார். அப்பா நடிப்பாரே, அந்த மாதிரி என்கிறார். சின்ன வசனம்தான். ஆனால் அதைக் கேட்ட பிறகு பழைய மயக்க ஊசிக் காட்சியை அதே மனதோடு பார்க்க முடியாது. வலி தெரிந்துவிட்டது. நான்கு ஆண்டு நகைச்சுவை நின்ற அடித்தளம் அந்த ஒரு வரியில் ஆட்டம் கண்டது என்பது என் உறுதியான கருத்து.

அதே ஆண்டு 'தி நர்ஸஸ்' வந்தது, லிண்டா பிளட்வொர்த் எழுதியது. செவிலியர்கள் தங்கள் தலைமைச் செவிலியர் மார்கரெட்டை ஏமாற்றுகிறார்கள். அவர் கடுமையானவர், அதனால் நாமும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறோம். அப்போது மார்கரெட் உடைந்துபோய்க் கேட்கிறார்: ஒரு தடவையாவது எனக்கு ஒரு காபி கொடுத்திருக்கிறீர்களா? நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்று நினைத்தோம் என்கிறார்கள். நினைத்தது தப்பு என்கிறார். பணியிடத்தில் ஒருவரை ஒதுக்குவதற்கு ஊசியும் வேண்டாம், கட்டும் வேண்டாம், கூப்பிடாமல் இருந்தாலே போதும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி வேறு இருக்கிறதா, தெரியவில்லை.

1977இல் லின்வில் விலகினார். அவர் இடத்துக்கு இன்னொரு பிராங்கைக் கொண்டுவராததுதான் தொடரின் பெரிய புத்திசாலித்தனம். டேவிட் ஆக்டன் ஸ்டியர்ஸ் நடித்த சார்ல்ஸ் வின்செஸ்டர் கர்வக்காரர், ஆனால் தேர்ந்த அறுவை சிகிச்சை நிபுணர், திருப்பிக் கொடுக்கவும் தெரிந்தவர். 1978 ஜனவரியில் வந்த 'தி ஸ்மெல் ஆஃப் மியூசிக்' எபிசோடில் அவர் பிரெஞ்சு ஹாரன் வாசிப்பதை நிறுத்தும்வரை குளிக்க மாட்டோம் என்று ஹாக்கையும், டிராப்பர் இடத்துக்கு வந்த மருத்துவர் பிஜேயும் அடம்பிடிக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் முகாமே அவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறது, ஹாரனும் நசுங்குகிறது. வம்பிழுத்தவர்களுக்கும் விலை உண்டு. பிராங்க் காலத்தில் இந்தப் பாதி அபூர்வம்.

ஹாக்கையின் மனசாட்சியையும் தொடர் விசாரணைக்கு இழுத்தது. 1975இல் 'ஒயிட் கோல்ட்' எபிசோடில், உளவுத்துறை கர்னல் பிளாக்குக்கு ஹாக்கையும் டிராப்பரும் தேவையே இல்லாமல் குடல்வால் அறுவை செய்கிறார்கள், அது வேடிக்கை. 1979இல் 'பிரிவென்டேட்டிவ் மெடிசின்' எபிசோடில், படையினரை வீணாகச் சாகவிடும் ஒரு கர்னலுக்கு ஹாக்கை அதையே செய்யப்போகிறார். பிஜே மறுத்து வெளியேறுகிறார். பிஜேயாக நடித்த மைக் பேரல், தன் பாத்திரம் இதற்கு உடன்படாது என்று ஹாக்கையாக நடித்த ஆலன் ஆல்டாவோடு வாதாடினார். அந்த வாக்குவாதமே காட்சியாயிற்று.

இதைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. இந்தத் தொடரின் டிவிடிகளில் சிரிப்பொலியை அணைத்துவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. முதல் சீசனில் பிராங்க் அடிவாங்கும் ஒரு காட்சியைச் சிரிப்பொலியோடு பாருங்கள், பிறகு அணைத்துவிட்டுப் பாருங்கள். கிண்டல் செய்கிறவர் முகத்தை விட்டுவிட்டு, லின்வில் முகத்தையும் பின்னால் நிற்கும் துணை நடிகர்களின் முகத்தையும் கவனியுங்கள். அடுத்து, ஆறாவது சீசனில் வின்செஸ்டர் காட்சி ஒன்றை அதேபோல இரண்டு முறை போட்டுப் பாருங்கள். சிரிப்பொலி இல்லாமல் எது நிற்கிறது, எது விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். கேள்வி நேரத்தில் அதிலிருந்தே தொடங்கலாம்.