தம் தவறுகளை எழுதிய மூளை அறுவை மருத்துவரை நம்பலாமா? – கோத்தகிரி நேயரின் கேள்விக்கு விளக்கம்

கோத்தகிரியிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது: "ஹென்றி மார்ஷ் என்னும் இங்கிலாந்து மருத்துவர், தம் கையால் நோயாளிகளுக்கு நேர்ந்த கேட்டைத் தாமே நூலாக எழுதியிருக்கிறார் என்றீர்கள். அப்படிப்பட்டவரிடம் தலையைக் கொடுக்க யார் துணிவார்கள்? அவர் ஏன் அதை எழுத வேண்டும்?" நேர்மையான கேள்வி அம்மா. அவருடைய வாழ்க்கையைச் சற்றுச் சொன்னால்தான் விடை விளங்கும்.

1950இல் பிறந்த மார்ஷ், ஆக்ஸ்போர்டில் முதலில் பயின்றது தத்துவம், அரசியல், பொருளாதாரம். அதை இடையில் நிறுத்திவிட்டு, வட இங்கிலாந்தின் சுரங்க ஊர் ஒன்றில், மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லும் ஊழியராக இருந்தபோதுதான் அறுவை சிகிச்சையை அருகில் நின்று பார்த்தார். ஆக்ஸ்போர்டுக்குத் திரும்பிப் பட்டத்தை முடித்த பிறகே மருத்துவத்துக்கு வந்தார். அவர் இளம் மருத்துவராக இருந்த காலத்தில், அவருடைய கைக்குழந்தைக்கே மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. அறுவைக்குப் பின் குழந்தை பிழைத்துக்கொண்டது. அறுவை அரங்கின் வெளியே காத்திருக்கும் பெற்றோரின் நிலையை அவர் எழுதும்போது கேள்விப்பட்டதை எழுதவில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.

1987 முதல் லண்டனில் முதுநிலை மருத்துவராகப் பணியாற்றிய அவர், நோயாளி விழித்திருக்கும்போதே மூளைக் கட்டியை அகற்றும் முறையை அந்நாட்டில் முன்னெடுத்தவர்களுள் ஒருவர். மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. ஆகவே தோலையும் மண்டையோட்டுப் பகுதியையும் மரத்துப்போகச் செய்து, நோயாளியைப் பேசவும் கையை அசைக்கவும் சொல்லிக்கொண்டே, பேச்சு குழறத் தொடங்கும் இடத்தில் கையை நிறுத்திவிடலாம்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் அவருடைய நூல்களின் மையம். 2014இல் வெளிவந்த 'டூ நோ ஹார்ம்' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் இருந்த பெரிய கட்டியைப் பல மணி நேரம் உழைத்து ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டார். எஞ்சிய சிறு துண்டை விட்டிருந்தால் கேடில்லை. முழுமையாக எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை உந்த, மேலும் கை வைத்தபோது ஒரு இரத்தக் குழாய் கிழிந்தது. நோயாளிக்கு நினைவு திரும்பவே இல்லை. சில ஆண்டுகள் கழித்து ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவர் சுருண்டு கிடப்பதை மார்ஷே காண நேர்ந்தது. கைத்திறன் குறைந்ததால் வந்த தவறன்று இது, தன்முனைப்பால் வந்தது. இதை எந்தப் பாடநூலும் சொல்லிக்கொடுப்பதில்லை. பட்டவர் எழுதினால்தான் உண்டு.

1992 முதல் அவர் உக்ரைனுக்குப் போய்வந்து, அங்குள்ள மருத்துவர் ஒருவருக்குத் துணைநின்றதும் இதே கதைதான். லண்டனுக்கு வரவழைத்து அறுவை செய்தும் காப்பாற்ற முடியாமற்போன ஒரு சிறுமியின் வீட்டுக்கே சென்று, அவள் தாயின் முன் அமர்ந்தார். அதை 2007இல் வந்த ஆவணப்படத்தில் காணலாம்.

இனி நம்பிக்கைக்கு வருகிறேன். நம் மலையில், ஸ்கேன் எடுத்துக் கட்டி என்று தெரிந்தவுடன், தேயிலைக் கொழுந்துப் பணத்தைத் திரட்டிக்கொண்டு பர்லியாறு வழியாகக் கோவைக்கு இறங்கும் குடும்பம், மனத்துக்குள் அறுவையை முடிவு செய்துகொண்டே இறங்குகிறது. "வேண்டாம், ஆறு மாதம் பொறுத்து மறுபடி பார்ப்போம்" என்று அங்குள்ள மருத்துவர் சொன்னால், இவருக்குத் தெரியவில்லை என்று வேறொருவரைத் தேடுகிறோம். மெதுவாக வளரும் கட்டிகள் சிலவற்றில் அந்தப் பொறுமையே சரியான சிகிச்சை. தவறே செய்ததில்லை என்பவரைவிட, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரிடம் நான் தலையைக் கொடுப்பேன்.

மார்ஷும் பின்னாளில் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். ஓய்வுக்குப் பின் அவருக்கு முற்றிய புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அறிகுறிகள் இருந்தும் மருத்துவரிடம் போகாமல் நாள் கடத்தியதை 2022இல் வந்த 'அண்ட் ஃபைனலி' நூலில் எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் மோசமான நோயாளிகள் என்பது ஊரறிந்த செய்திதானே.

எதை முதலில் படிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் நூலான 'டூ நோ ஹார்ம்' நூலிலிருந்தே தொடங்குங்கள். அதன் அத்தியாயங்கள் பெரும்பாலும் நோய்களின் பெயரைத் தாங்கியவை, தனித்தனியாகவும் படிக்கலாம். வீட்டில் யாருக்காவது அறுவைக்கு நாள் குறித்திருந்தால் மட்டும், அது முடிந்து அவர் வீடு திரும்பிய பிறகு எடுங்கள்.