பதினெட்டாயிரத்தில் ஒரு குடும்பம்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, கோயில் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியவர்களே, எல்லோருக்கும் காணும் பொங்கல் வணக்கம். இளம் குடும்பம் குறைந்த வருமானத்தில் வாழ முடியுமா என்பது இன்றைய தலைப்பு. முடியும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், விலைவாசியில் மாதச் செலவே தாங்காது என்றார். பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்க்க முடியாது என்றார். ஒரு காய்ச்சல் வந்தால் குடும்பம் படுத்துவிடும் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். ஆனால் குடும்பம் எந்த இடத்தில் விழுகிறது என்பதை அவர் தப்பாகக் காட்டிவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் என் கணக்கு. மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் என் வீட்டுக்காரருக்கு வேலை. சம்பளம் 14,000. நான் வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன், அதில் 4,000 வரும். இரண்டாம் வகுப்பில் ஒரு மகள், கைக்குழந்தையாக ஒரு மகன், கூடவே மாமியார். வாடகை 3,500. ரேஷனில் 20 கிலோ அரிசி காசில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. அந்த அரிசியில்தான் எங்கள் வீட்டு இட்லி. தை அறுப்பு முடிந்தால் அப்பா ஒரு மூட்டை நெல் அனுப்புவார். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கெண்டை மலிவாகக் கிடைக்கும். மளிகை, பால், காய், மீன், கேஸ், பெட்ரோல், ரீசார்ஜ் எல்லாம் எழுதிக் கூட்டினால் வாடகையோடு 14,000, மிஞ்சினால் 15,000. தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் 1,500, மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் 500. இதில் நான் பட்டினி கிடந்து மிச்சம் பிடித்தது எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். என் மகள் அரசுப் பள்ளியில் காலையில் உப்புமா சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறாள். அந்தக் காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தது 2023 ஆகஸ்ட் 25 அன்று, நம் திருக்குவளையில். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2020 முதல் இருக்கிறது. அண்ணன் சொல்கிற அந்த நல்ல பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் வீடுகள் என் தெருவிலேயே உண்டு. அந்தப் பிள்ளைகளைவிட என் மகள் ஒன்றும் குறைவாகப் படிக்கவில்லை.

மாமியாரின் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகின்றன. பெரிய நோய் வந்தால் தாங்க மாட்டோம், அது உண்மை. அறுபதாயிரம் சம்பளம் வாங்குகிற வீட்டையும் அது சாய்த்துவிடும், அதுவும் உண்மை.

சரி, அப்படியானால் என் மாதிரி குடும்பங்கள் எங்கே விழுகின்றன? நடுவர் அவர்களே, மாதச் செலவில் நாங்கள் விழுவதில்லை. ஒரு நாள் செலவில் விழுகிறோம்.

2019இல் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். மண்டபம், 300 இலை, பிளெக்ஸ், செண்டை மேளம் எல்லாம் சேர்த்து 1,40,000. அப்போது வீட்டு வருமானம் 12,000. மொய் 55,000 வந்தது. மொய்யை வரவு என்று எழுதிவிடாதீர்கள் தாய்மார்களே, அத்தனையும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். மீதிப் பணத்துக்கு என் தோட்டை அடகு வைத்தேன், இரண்டு மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். வாரம் 1,500 ரூபாய் தவணை. குழுவில் ஒருத்தி கட்டாவிட்டாலும் மற்றவர்கள் யாரும் எழுந்து போக முடியாது. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளோடு பொழுது சாயும் வரை குழு கூடுகிற வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருடம் ஊரடங்கு வந்து பட்டறை பூட்டிக் கிடந்தபோது, அந்தத் தவணையைக் கட்ட மூன்றாவதாக ஒரு கடன் எடுத்தேன். வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. ஆனால் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் வசூலுக்குத்தான் வருகிறார்கள் என்று உள்ளே போய் நிற்பேன். என் குடும்பத்தை அந்த நிலைக்குக் கொண்டுபோனது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். வயல் கூலியை மட்டும் நம்பியிருக்கிற வீட்டுக்கு என் கணக்கு பொருந்தாது. ஜூன் 12 மேட்டூர் திறந்தால்தான் குறுவை; 2024இல் ஜூலை 28தான் திறந்தார்கள். அப்படியே தண்ணீர் வந்தாலும் நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின். என் அம்மாவும் நடவுக்குப் போனவள்தான், எத்தனை நாள் கூலி இல்லாமல் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் இருப்பது குறைந்த வருமானம் இல்லை, வருமானமே இல்லாத மாதங்கள். அவர்களைப் பார்த்துச் சிக்கனமாக இரு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு முதலில் வேலை வேண்டும். நான் பேசுவது மாதம் பிறந்தால் சிறுதொகையாவது கைக்கு வருகிற வீடுகளைப் பற்றி. கடையில், பட்டறையில், மில்லில் வேலை பார்க்கும் இளம் ஜோடிகள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களால் முடியும்.

வருகிற மாசியில் என் மகனுக்குக் காதுகுத்து. மண்டபம் பார்க்கவில்லை. கோட்டூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைத்து, என் தம்பி மடியில் உட்கார வைத்துக் குத்தப் போகிறோம். இரண்டு வீட்டு ஆளும் சேர்ந்து இருபத்தைந்து பேர், புளிச்சாதமும் சர்க்கரைப் பொங்கலும். உரிமைத்தொகை ஆயிரத்தை எட்டு மாதம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அந்த 8,000தான் மொத்தச் செலவு. நாத்தனாருக்கு இதில் வருத்தம், இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை. போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன், வருவார்கள். எதிரணி அண்ணன், நீங்களும் அண்ணியோடு வாருங்கள். பத்திரிகை அடிக்கவில்லை, இந்த மேடையிலேயே அழைக்கிறேன். மொய் வேண்டாம். நன்றி, வணக்கம்.