கார்த்திகையில் ஊறத் தொடங்கும் கேக்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டது. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் மெய்ஞ்ஞானபுரத்திலும் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் தேடத் தொடங்கியிருப்பார்கள். முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது. கேக்குக்கு மட்டும் நாள் இல்லை. பழைய முறைப்படி பழக் கேக் செய்ய நினைப்பவர்கள் இந்த வாரமே தொடங்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

டிசம்பர் 23ஆம் தேதி இரவு மாவு கலக்கி, 24ஆம் தேதி காலையில் வெட்டினால் கிடைப்பதும் கேக்தான். நல்ல கேக்காகவும் இருக்கலாம். ஆனால் பழைய கிறிஸ்துமஸ் கேக் என்பது வைத்திருந்து உண்பதற்கென்றே உருவான பலகாரம். அதில் சேரும் உலர்ந்த பழம், அடர்ந்த சர்க்கரை, மசாலா, நீண்ட நேரம் வேகும் இளஞ்சூடு எல்லாம் அதற்காகத்தான். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் அளவுகள் தாமாகவே புரியும்.

2017ஆம் ஆண்டு அண்டார்டிகாவில் ஒரு பழைய மரக் குடிசையைச் சீர்செய்தவர்கள் ஒரு தகர டப்பாவைக் கண்டெடுத்தார்கள். டப்பா துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே காகிதம் சுற்றிய பழக் கேக் உருக்குலையாமல் இருந்தது. தென் துருவத்தை நோக்கிப் போன ஆங்கிலேயர் ஸ்காட் தலைமையில் 1910இல் புறப்பட்ட பயணக் குழு கொண்டுபோன கேக் என்று கருதுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் ஏறக்குறைய உண்ணத் தகுந்த நிலையில் இருந்ததாம். அங்கே உள்ள குளிர் காத்தது பாதி, கேக்கின் சேர்மானம் காத்தது மீதி. சர்க்கரையும் உலர்ந்த பழமும் தண்ணீரைத் தம்முள் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. பூஞ்சைக்கும் கிருமிக்கும் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை. நம் ஊறுகாயில் உப்பு செய்யும் வேலை அதுதான்.

இங்கிலாந்தில் முற்காலத்தில் இந்த வகைக் கேக்கை ஜனவரி 6ஆம் தேதித் திருநாளையொட்டித்தான் வெட்டினார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில்தான் அது கிறிஸ்துமஸ் மேசைக்கு நகர்ந்தது. நம் பக்கம் வந்த ஐரோப்பிய மிஷனரிகளில் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். கால்டுவெல் இடையன்குடியில் குடியேறியது 1841இல். இவர்களைப் போன்றோரின் பங்களாச் சமையற்கட்டுகளில் வேலை செய்த நம் ஊர்க் கைகள் வழியாகத்தான் கேக் திருநெல்வேலிச் சீமையின் வீடுகளுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. மலையாளக் கரையில் 1883இல் தலச்சேரி பேக்கரிக்காரர் மாம்பள்ளி பாபு, தோட்ட முதலாளி ஒருவர் கொடுத்த மாதிரியைப் பார்த்து ஒரு கேக் செய்தார். இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் அதுதான் என்று அங்கே பெருமையோடு சொல்லி வருகிறார்கள். உள்ளூர்ச் சாராயத்தையும் வாழைப்பழத்தையும் அவர் சேர்த்தாராம். இந்தச் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் துணிச்சல்தான். கேக்கின் முறை எங்கிருந்து வந்தாலும், அதில் சேரும் சரக்கு நம் மண்ணில் விளைந்ததாக இருக்கலாம்.

எங்கள் ஆச்சியின் குறிப்பேட்டில் கேக்குக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: மாவு ஒரு ராத்தல், வெண்ணெய் ஒரு ராத்தல், சீனி ஒரு ராத்தல், முட்டை பத்து, பழவகை இரண்டு ராத்தல், இளஞ்சூடு. பழைய குறிப்புகளை வைத்திருப்பவர்கள் இதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். ஒரு ராத்தல் என்பது 454 கிராம். ஓர் அவுன்ஸ் 28 கிராம். இதில் சிக்கல் இல்லை. சிக்கல் முட்டையில் இருக்கிறது. அந்தக் காலத்துப் பத்து முட்டை என்பது பத்து நாட்டுக்கோழி முட்டை. இன்றைய பண்ணை முட்டை அதைவிடப் பெரியது. எண்ணிப் போட்டால் கலவை நீர்த்துவிடும். பழம் அடியில் போய்த் தங்கும். முட்டையை உடைத்து ஊற்றி எடை போடுங்கள்.

அளவில் பாதிக்குச் சற்று மேலாக, இன்றைய குடும்பத்துக்கு ஏற்றபடி சொல்கிறேன். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மைதா 250 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம். சீனி 150 கிராம். கருப்பட்டி 100 கிராம். உடைத்து ஊற்றிய முட்டை 250 கிராம், அதாவது பண்ணை முட்டை ஐந்து அல்லது நாட்டு முட்டை ஆறு, ஏழு. பொடித்த முந்திரி 50 கிராம். பழவகை எல்லாம் சேர்த்து 750 கிராம். மீண்டும் சொல்கிறேன்: மைதாவும் வெண்ணெயும் முட்டையும் தலைக்கு 250, சீனி 150, கருப்பட்டி 100, முந்திரிப்பொடி 50, பழம் 750. கருக்கிய சீனிக்குத் தனியாக 75 கிராம் சீனி வேண்டும். டின் 23 சென்டிமீட்டர் அகலம், நல்ல உயரம்.

இனி பழம். கடையில் சிவப்பும் பச்சையுமாகக் கிடைக்கும் டூட்டி ஃப்ரூட்டியை நான் சேர்ப்பதில்லை. அது சாயம் ஏற்றிய பப்பாளிக்காய். சர்க்கரையைத் தவிர வேறு ருசி அதில் இல்லை. கறுப்புத் திராட்சை, வெள்ளைத் திராட்சை, பேரீச்சை, இஞ்சி முரப்பா, பூசணிக்காய் முரப்பா இவை போதும். ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாக நாரத்தங்காய்த் தோலைப் பயன்படுத்துங்கள். இதை நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்துக் கேக்குக்கு இப்படி ஒரு தனி மணம் இருக்கிறது என்பது மறந்துகொண்டே வருகிறது. தோலை மெல்லிய கீற்றாக நறுக்கித் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால் கடுங்கசப்பு போய், வேண்டிய கசப்பு மட்டும் நிற்கும். பிறகு தோலின் எடைக்குச் சமமான சீனிப்பாகில், தோல் கண்ணாடியாகத் தெளியும் வரை சிறு தீயில் வேகவைத்து உலர்த்துங்கள். பெரிய பழங்களை எல்லாம் உலர்திராட்சை அளவுக்கு நறுக்க வேண்டும். பெரிய துண்டு கனத்தால் கீழே இறங்கும்.

ஊறவைப்பதில் இரண்டு வழி உண்டு. ரம், பிராந்தி சேர்க்கத் தடையில்லாத வீடுகளில் பழம் மூழ்கும் அளவுக்கு ஊற்றி, கண்ணாடி ஜாடியில் இறுக மூடி இன்றே வைத்துவிடலாம். டிசம்பர் முதல் வாரம் வரை கவலை இல்லை. நம் சபைகளில் மதுவே வீட்டுக்குள் வராத குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் கருப்பட்டியைச் சொன்னேன். உடன்குடிக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. அதைக் கால் தம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பும், கொஞ்சம் மணலும் அதில் தங்கியிருக்கும். வடித்த பாகோடு அரைத் தம்ளர் கறுப்புத் திராட்சைச் சாறு சேர்த்து, பழங்களைப் போட்டுச் சிறு தீயில் சாறு வற்றும் வரை கிளறி ஆறவையுங்கள். இதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியில் வைத்தால் இந்த மழைக்கால ஈரத்தில் புளித்து நுரைத்துவிடும். அதனால் இந்த வழியில் செய்பவர்கள் நாரத்தைத் தோலை மட்டும் இப்போது முடித்துக்கொண்டு, பழத்தை டிசம்பர் தொடக்கத்தில் பாகில் போட்டால் போதும். ரம் வழியில் செய்பவர்கள் இந்தக் கருப்பட்டிப் பாகைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து மாவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிறம். பழைய கேக்கின் கருமை சாயத்தால் வந்ததல்ல, கருக்கிய சீனியால் வந்தது. அடிகனமான பாத்திரத்தில் 75 கிராம் சீனியைத் தண்ணீர் இல்லாமல் சிறு தீயில் உருக்குங்கள். முதலில் பொன்னிறம், பிறகு செம்பு நிறம், பிறகு அடர் பழுப்பு. மெல்லிய புகை எழும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். செம்பு நிறத்திலேயே நிறுத்தினால் வெறும் இனிப்புத்தான் கிடைக்கும். புகை அடர்ந்த பிறகு நிறுத்தினால் கரிக்கசப்பு. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நொடிகளில் கண்ணை எடுக்கக்கூடாது, கைப்பேசியையும் எடுக்கக்கூடாது. அணைத்த உடனே 60 மில்லி வெந்நீரைப் பாத்திரத்தின் ஓரமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். சீறித் தெறிக்கும். பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். இறுகிய சீனி கரையும் வரை கிளறி ஆறவையுங்கள். இந்தக் கசப்பும் நாரத்தையின் கசப்பும் இல்லாவிட்டால் இவ்வளவு இனிப்பை யாராலும் இரண்டாம் துண்டு வரை உண்ண முடியாது.

மசாலா சுருக்கமாக: பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு, எல்லாம் சேர்த்துப் பொடித்து ஒன்றரைத் தேக்கரண்டி. குற்றாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே கிராம்பும் ஜாதிக்காயும் பயிரிட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் முழு ஜாதிக்காய் வாங்கி வந்து, அன்றன்று துருவிக்கொள்ளுங்கள்.

மாவு கலக்கும் நாளில் விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய குறிப்பில் ஆப்பச்சோடா கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. கேக் எழும்புவது வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே சிக்கும் காற்றால்தான். வெண்ணெய் அழுத்தினால் குழியும் பதத்தில் இருக்க வேண்டும். உருகிவிட்டால் காற்று நிற்காது. நம் ஊர் நடுப்பகலில் அது எளிதில் உருகிவிடும். பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக்கொண்டு, மரக்கரண்டியால் வெளுத்துப் பஞ்சாகும் வரை அடியுங்கள். கையால் அடித்தால் அரை மணி நேரம் ஆகும். வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்து அடிக்கலாம். முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். திரிந்ததுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா தூவுங்கள், சேர்ந்துவிடும். பிறகு கருக்கிய சீனி. அதன்பின் மசாலாவோடு சலித்த மைதாவும் முந்திரிப்பொடியும். கடைசியாகப் பழம். பழத்தில் சாறு மிஞ்சி நின்றால் வடித்துவிட்டுச் சேருங்கள். மைதா விழுந்த பிறகு அடிக்காமல் மடித்து மடித்துக் கலக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் கலவை தயங்கித் தயங்கி விழ வேண்டும். சரசரவென்று ஓடினால் பழம் நிற்காது.

டின்னுக்கு உள்ளே இரண்டு சுற்றுப் பட்டர் பேப்பர். வெளியே காக்கித் தாளை இரண்டாக மடித்துச் சுற்றி நூலால் கட்டுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூன்று மணி நேரம் வேகும் கேக்குக்கு ஓரம் கருகாமல் காப்பது அந்தத் தாள்தான். ஓவனில் முதல் ஒரு மணி நேரம் 150 டிகிரி, பிறகு 140 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். குறிப்பேட்டில் இளஞ்சூடு என்று எழுதியிருப்பது இதைத்தான். சூடு கூடினால் மேல் ஓடு முதலில் இறுகும். நடுவில் உள்ள மாவு எழும்ப வழியில்லாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு வரும். வெடித்த கேக்கைப் பார்த்தாலே அவசரம் தெரிந்துவிடும். நடுவில் ஈர்க்கைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். நம் ஊர்களில் பெரும்பாலான கேக்குகள் ஒரு காலத்தில் மணல் சட்டியில்தான் வெந்தன. கனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, அதன்மேல் முக்காலி வைத்து, டின்னை நிறுத்தி மூடி, மூடியின் மேல் தணல் கொட்டுவார்கள். சூடு மேலிருந்தும் கீழிருந்தும் வந்தது. இன்றும் மணல் சட்டியைக் கேஸ் அடுப்பின் சிறு தீயில் வைத்துச் செய்யலாம். மேல்பாகம் சிவக்காது, ஆனால் உள்ளே நன்றாக வேகும். இன்னும் சிலர் கலவையை டின்னில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டோடு பேக்கரிக்கு அனுப்புவார்கள். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பில் மிஞ்சியிருக்கும் சூடு இந்தக் கேக்குக்கு அளந்து வைத்தது போன்ற சூடு. உங்கள் தெருவில் விறகு அடுப்புப் பேக்கரி இன்னும் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

வெந்த கேக்கை டின்னிலேயே முழுமையாக ஆறவிடுங்கள். ஒரு முழு இரவு ஆகட்டும். இளஞ்சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பட்டர் பேப்பரும் அதன்மேல் சுத்தமான பருத்தித் துணியும் சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மது சேர்ந்த கேக்குக்கு வாரம் ஒருமுறை இரண்டு கரண்டி ரம் தெளித்துவந்தால் மாதக்கணக்கில் இருக்கும். மது சேராத கேக்குக்கு எதையும் தெளிக்க வேண்டாம். சாறு தெளிப்பது ஈரத்தைக் கூட்டிக் கெடுக்கும். அதை டிசம்பர் இரண்டாம் வாரம் சுட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் புத்தாண்டு வரை தாங்கும். இங்கிலாந்தில் அலமாரியில் வைப்பதைப் பார்த்து நாமும் அப்படியே வைக்க முடியாது. அங்கே டிசம்பர் குளிர், இங்கே டிசம்பர் மழையும் புழுக்கமும்.

சுட்ட அன்றே ஒரு துண்டு வெட்டிப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். முதல் நாளில் மசாலா தனியாக உறைக்கும், கருக்கிய சீனி தனியாகக் கசக்கும், ஓரம் வறண்டிருக்கும். பத்து நாளில் பழத்தின் ஈரம் மாவுக்குள் பரவி எல்லாம் ஒரே ருசியாகக் கூடிவிடும். வேண்டுமானால் மிஞ்சிய கலவையைச் சிறு கிண்ணத்தில் தனியாகச் சுட்டு அவர்களுக்குக் கொடுங்கள்.

24ஆம் தேதி மாலையில் பல் வைத்த கத்தியால் அறுங்கள். அழுத்தாமல் ரம்பம் இழுப்பதுபோல் இழுக்க வேண்டும். முதலில் கேக்கைப் பட்டையாக அறுத்து, பட்டையைக் குறுக்கே விரல் கனத்துக்குத் துண்டாக்கினால், இரண்டு கிலோ அளவுக் கேக் ஒரு தெருவுக்கே போதும். ரம் சேர்த்த கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது அதைச் சொல்லிக் கொடுங்கள். முட்டை சேர்ந்திருப்பதையும் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் நம் வீட்டுக்கு வந்த தட்டு இன்னும் அலமாரியில் இருந்தால், அந்தத் தட்டிலேயே வைத்து அனுப்பலாம்.

அனைவருக்கும் முன்கூட்டியே கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வணக்கம்.